உங்களுக்குத் தெரியுமா? கடைசிப் பந்து வரை சென்னை!

● சென்னை சூப்பர் கிங்ஸ் ஆடிய ஐபிஎல் இறுதி ஆட்டங்களில் மூன்றில் வெற்றி தோல்வி கடைசிப் பந்தில்தான் முடிவானது: 2008, 2019, 2023. முதல் இரண்டும் கைநழுவிப் போயின.

● 2008 ஜூன் 1, நவி மும்பை. ராஜஸ்தானுக்குக் கடைசிப் பந்தில் ஒரு ரன் தேவை. பந்து நம் பாலாஜி கையில், மட்டை சோஹைல் தன்வீரிடம். ரன் எடுத்துவிட்டார்கள். அன்று ராஜஸ்தானுக்கு ஆடிய இருவரை நினைவில் வையுங்கள்: ஷேன் வாட்சன், 19 வயது ரவீந்திர ஜடேஜா.

● வாட்சன் பத்து ஆண்டு கழித்து மஞ்சள் சட்டை போட்டு 2018 இறுதியில் இறங்கினார். இரண்டாண்டுத் தடை முடிந்து அணி திரும்பிய ஆண்டு அது. ஐதராபாத் எடுத்தது 178. முதல் பத்துப் பந்தில் வாட்சனுக்கு ஒரு ரன்கூட இல்லை. ஆட்டம் முடிந்தபோது 57 பந்தில் 117, அவுட்டே இல்லை! சதத்தைவிட, பதறாமல் நின்ற அந்தப் பத்துப் பந்துகளைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன். அந்த ஆண்டு சென்னையின் பந்துவீச்சுப் பயிற்சியாளர் அதே பாலாஜி.

● மறு ஆண்டு மும்பையுடன் இறுதி. வாட்சன் 80. முழங்காலில் ரத்தம் கசியக் கசிய ஆடினார் என்பதும், ஆட்டம் முடிந்து ஆறு தையல் போட்டார்கள் என்பதும் ஹர்பஜன் சொல்லித்தான் ஊருக்குத் தெரிந்தது. கடைசிப் பந்தில் இரண்டு ரன் தேவை. மலிங்காவின் மெதுவான பந்தில் ஷர்துல் எல்பிடபிள்யூ. ஒரே ஒரு ரன்னில் தோல்வி.

● 2011 சேப்பாக்கம் இறுதியில், அந்த சீசனில் அதிக ரன் குவித்த கெயிலை முதல் ஓவரிலேயே டக் அவுட் ஆக்கியவர் அஸ்வின். முரளி விஜய் 95.

● தோற்ற ஆட்டங்களில் நெஞ்சைவிட்டு அகலாதது 2014 இரண்டாவது தகுதிச் சுற்றுதான். பஞ்சாப் 226. ரெய்னா 25 பந்தில் 87 அடித்தார்! அவானாவின் ஒரே ஓவரில் 33 ரன். ஆறு ஓவரில் அணி 100ஐத் தொட்டது. ஏழாவது ஓவரின் முதல் பந்தில் பெய்லி ஸ்டம்பை நேராக அடிக்க, ரெய்னா ரன் அவுட். 24 ரன்னில் தோற்றோம். இருந்தாலும், பிளே-ஆஃபில் இதைவிடச் சிறந்த ஆட்டத்தை நான் பார்த்ததில்லை.

● 2023 இறுதி மழையால் மே 29க்குத் தள்ளிப்போய், 30 அதிகாலையில் முடிந்தது. குஜராத்துக்காக 96 அடித்தவர் சென்னைப் பையன் சாய் சுதர்சன். தோனி முதல் பந்திலேயே அவுட். கடைசி இரண்டு பந்தில் பத்து ரன் தேவை. பந்துவீசிய மோஹித் சர்மாவும் முன்பு சென்னைக்கு ஆடியவர்தான். ஜடேஜா ஒரு சிக்ஸர், ஒரு பவுண்டரி. தோனி அவரை அப்படியே தூக்கிக்கொண்டார்.

● கடைசியாக, சென்னை ஆடாத ஓர் ஆட்டம். சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டியில் பிறந்த நடராஜன் 2020 எலிமினேட்டரில், அரைசதம் கடந்து ஆடிக்கொண்டிருந்த டிவில்லியர்ஸை ஒரு யார்க்கரில் கிளீன் போல்டு ஆக்கினார். அவர் ஆடியது ஐதராபாத்துக்கு. அன்று பெங்களூரு ஊர் திரும்பியது.