ஜெபம் எதற்காக?

நாளைக்குப் பரீட்சை. ஊரிலிருந்து பாட்டி போன் செய்கிறார். "பயப்படாதே கண்ணு, நான் உனக்காக ஜெபம் பண்றேன்" என்கிறார். கிறிஸ்தவ வீடுகளில் இப்படிச் சொல்வதை அடிக்கடி கேட்கலாம். நீங்களும் கேட்டிருப்பீர்கள். ஜெபம் என்றால் என்ன? அதை எதற்காகச் செய்கிறார்கள்?

ஜெபம் என்றால் கடவுளோடு பேசுவது. கத்தோலிக்கர்கள் இதைச் 'செபம்' என்று எழுதுவார்கள். தேவாலயத்தில் எல்லோரும் சேர்ந்து ஜெபிப்பார்கள். சாப்பிடும் முன்பும், தூங்கும் முன்பும் வீட்டில் ஜெபிப்பார்கள். பஸ்ஸில் போகும்போது மனசுக்குள்ளேயும் ஜெபிக்கலாம்.

அப்போது என்ன பேசுவார்கள்? கடவுளைப் புகழ்வார்கள். கிடைத்ததற்கு நன்றி சொல்வார்கள். செய்த தவறுக்கு மன்னிப்புக் கேட்பார்கள். தங்களுக்கும் மற்றவர்களுக்கும் வேண்டியதைக் கேட்பார்கள்.

ஜெபிக்கக் கற்றுத் தரும்படி இயேசுவிடம் சீடர்களில் ஒருவர் கேட்டார். அவர் ஒரு சிறிய ஜெபத்தைக் கற்றுக்கொடுத்தார். அதைத் தமிழில் படித்துப் பாருங்கள். 'எங்கள்', 'எங்களுக்கு' என்ற சொற்கள் வரும். 'என்', 'எனக்கு' என்பவை வரவே வராது. அன்றன்றைக்கு வேண்டிய உணவைக் கேட்கும்போதும் எல்லோருக்காகவும் கேட்கிறோம். பசியோடு இருக்கும் இன்னொருவரும் அந்தச் சொல்லுக்குள் வந்துவிடுகிறார்.

'நமக்கு' என்று ஏன் சொல்வதில்லை? யாரிடம் பேசுகிறோமோ அவரையும் சேர்த்துச் சொல்வதுதான் 'நமக்கு'. இங்கே நாம் பேசுவது கடவுளிடம். அதனால் 'எங்களுக்கு' என்கிறோம்.

மற்றவர்களை மன்னிப்பதைப் பற்றியும் அந்த ஜெபம் பேசுகிறது. தம்பியோடு சண்டை போட்டுவிட்டுப் பேசாமல் இருக்கும்போது அதைச் சொல்வது கஷ்டம்தான்!

சரி, கேட்டது கிடைக்காவிட்டால்? "தாத்தாவுக்கு உடம்பு சரியாகணும்னு தினமும் ஜெபம் பண்ணினேன். ஆனா தாத்தா இறந்துட்டாங்க. என் ஜெபம் வீணாப் போச்சா?" என்று ஒரு பிள்ளை கேட்கலாம். பெரியவர்களும் கேட்கும் கேள்வி இது.

இயேசுவும் கேட்டது கிடைக்காமல் நின்றிருக்கிறார். சிலுவையில் அறையப்படுவதற்கு முந்தைய இரவு அவர் கெத்செமனே தோட்டத்தில் ஜெபித்தார். அது எருசலேமுக்குப் பக்கத்தில், ஒலிவ மலையில் இருக்கிறது. அவர் மனம் மிகவும் துயரப்பட்டது. வரப்போகும் துன்பம் தம்மைவிட்டு நீங்க வேண்டும் என்று கேட்டார். ஆனாலும் தந்தையாகிய கடவுளின் விருப்பப்படியே நடக்கட்டும் என்றார். துன்பம் நீங்கவில்லை. ஆனால் ஜெபித்து எழுந்தபோது அவர் ஓடி ஒளியவில்லை. தம்மைப் பிடிக்க வந்தவர்களுக்கு முன்னால் போய் நின்றார்.

கடையில் காசு கொடுத்தால் கேட்ட பொருள் கிடைக்கும். ஜெபம் அப்படி இல்லை. தாத்தாவை இழந்த பிள்ளையின் அழுகையையும் கடவுள் கேட்டார், கூடவே இருந்தார் என்று கிறிஸ்தவர்கள் நம்புகிறார்கள். துக்கத்தைத் தனியாகச் சுமக்காமல் இருக்கவும் ஜெபம் உதவுகிறது.

அப்படியானால், பாட்டி ஜெபம் பண்ணினால் படிக்காமலே மார்க் வருமா? வராது! நீங்கள்தான் படிக்க வேண்டும். ஆனால் பரீட்சை அறையில் உட்காரும்போது, உங்களை நினைத்து ஒருவர் கடவுளிடம் பேசிக்கொண்டிருக்கிறார் என்ற தைரியம் இருக்கும்.

அடுத்த முறை பாட்டி போன் செய்தால், "பாட்டி, உங்களுக்காக நான் என்ன கேட்கட்டும்?" என்று கேட்டுப் பாருங்கள்.