பிரயாணிக்கு ஏற்ற ஹெட்போன்

1931ஆம் ஆண்டில் சென்னைக் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார ரயில் ஓடத் தொடங்கிய காலத்தில், அதில் ஏறி அமர்ந்த பிரயாணியின் செவியில் விழுந்தவை சக்கரங்களின் ஓசையும் சக பிரயாணிகளின் சம்பாஷணையுமே. இன்று அதே மார்க்கத்தில், நெரிசல் மிகுந்த காலை வேளையில், கைப்பிடி வளையத்தைப் பற்றிக்கொண்டு நிற்கிறவர்களில் பலருடைய காதுகளில் ஏதேனும் ஒரு ஒலிச்சாதனம் பொருந்தியிருக்கக் காண்கிறோம். ஒருவர் சங்கீதம் கேட்கிறார். ஒருவர் பரீட்சைக்குரிய பாடத்தைக் கேட்கிறார். இன்னொருவர் ஊரிலிருக்கும் தாயாரோடு பேசிக்கொண்டு வருகிறார். வேலைக்குப் போவதற்கும் வேலையிலிருந்து திரும்புவதற்குமாக நாள்தோறும் தம் ஆயுளில் ஒரு பங்கைப் பிரயாணத்துக்கே ஈடுவைத்துவிட வேண்டிய பட்டணவாசிக்கு, அந்தப் பங்கில் ஒரு சிறு பகுதியையாவது தமக்கு உரியதாக மீட்டுக்கொள்ள வழி செய்கிற இக்கருவியை ஆடம்பரம் என்று ஒதுக்குவது நியாயமன்று என்பது என் உறுதியான அபிப்பிராயம். ஆனால், இத்தனை நேரம் காதோடு ஒட்டியிருக்கப் போகிற ஒரு பொருளை வாங்கும்போது நம்மில் பலர் அதன் நிறத்தையும் விலையையும் மட்டுமே பார்க்கிறோம் என்பது வருத்தத்துக்குரியது.

வீட்டின் அமைதியில் சாய்ந்து உட்கார்ந்து கேட்கிறவருக்கு வேண்டிய ஹெட்போன் வேறு. பஸ்ஸிலும் ரயிலிலும் கேட்கிறவருக்கு வேண்டியது வேறு. முன்னவர் அது எவ்வளவு இனிமையாக ஒலிக்கிறது என்று பார்த்து வாங்கலாம். பின்னவரோ, எவ்வளவு தாழ்ந்த அளவில் ஒலித்தாலும் அது தமக்குத் தெளிவாகக் கேட்கிறதா என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். கடைக்காரர் குளிர்சாதன அறையில் காதில் மாட்டிக் காட்டுகிற கணீரென்ற ஒலி, கிண்டிக்கும் பரங்கிமலைக்கும் இடையில் ஜன்னல்கள் திறந்து கிடக்கிற ரயில் பெட்டியில் என்ன ஆகும் என்பதற்கு எந்த அத்தாட்சியும் ஆகாது.

ஏனெனில், பிரயாணத்தில் நம்மைச் சூழ்கிற சப்தத்தில் பெரும்பகுதி, எஞ்சினிலிருந்தும் சக்கரங்களிலிருந்தும் ஓயாமல் எழுகிற கனத்த, தாழ்ந்த சுருதியுள்ள இரைச்சல். இது காதைத் துளைப்பதில்லை. அதனாலேயே சிறிது நேரத்தில் நாம் அதை மறந்துவிடுகிறோம். ஆயினும் அது நாம் கேட்க விரும்புகிற ஒலியை மூடி மறைத்துக்கொண்டேதான் இருக்கிறது. கர்நாடக சங்கீதக் கச்சேரி ஒன்றை மாநகரப் பேருந்தில் கேட்க முயன்றவர்களுக்கு இது அநுபவத்தில் விளங்கியிருக்கும். முதலில் மறைவது தம்புராவின் நாதம். அதன்பின் மிருதங்கத்தின் தொப்பியில் எழுகிற கும்கி. அதன்பின், பாடகர் மந்திர ஸ்தாயியில் இறங்கி ராகத்தை மெல்ல மெல்ல விரிக்கிற இடமெல்லாம் இரைச்சலுக்குள் கரைந்துபோகிறது. இழந்ததை மீட்பதற்காகக் கேட்பவர் ஒலியை உயர்த்துகிறார். உயர்த்திய அந்த அளவிலேயே அது நின்றுவிட, ஆலாபனை முடிந்து கிருதியும் கடந்து தனி ஆவர்த்தனம் தொடங்குகிறபோது, வலந்தலையின் ஒவ்வொரு அடியும் செவிப்பறையின் மீதே விழுகிறது. சினிமாப் பாட்டில் இந்த ஏற்றத்தாழ்வு குறைவு. தொடக்கம் முதல் முடிவு வரை ஏறக்குறைய ஒரே உரத்த நிலையில் இருக்கும்படி அதைப் பதிவு செய்துவிடுகிறார்கள். அதனால் அபாயம் குறைவு என்று எண்ணிவிடலாகாது. ஓய்வே இல்லாமல் காதைத் தாக்குகிறது என்பதே அதன் பொருள்.

இப்படி உயர்த்தப்படுகிற ஒலிக்கு நாம் செலுத்துகிற விலை என்ன? உட்செவியில் நத்தையின் ஓடு போலச் சுருண்டிருக்கிற காக்ளியா என்ற உறுப்பில், ஒலியை உணர்ந்து மூளைக்கு அறிவிக்க உதவும் நுண்ணிய மயிர்க்கலங்கள் சுமார் 15,000 இருக்கின்றன. பிறக்கும்போது கிடைத்த இவை அழிந்தால், மனிதருக்கு மீண்டும் முளைப்பதில்லை. உலக சுகாதார ஸ்தாபனமும் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியமும் சேர்ந்து 2019ஆம் ஆண்டில் வெளியிட்ட நெறிமுறை, வயது வந்தவர்கள் 80 டெசிபல் அளவிலான ஒலியை வாரத்துக்கு 40 மணி நேரம் வரை கேட்கலாம் என்று வரையறுக்கிறது. குழந்தைகளுக்கு அந்த அளவு 75 டெசிபல். மூன்று டெசிபல் கூடினால் அனுமதிக்கப்பட்ட நேரம் பாதியாகக் குறையும் என்பதே இதன் கணக்கு. ஆகவே 83 டெசிபலுக்கு 20 மணி, 86க்கு 10 மணி, 89க்கு 5 மணி என்று இறங்கிக்கொண்டே போய், 95 டெசிபலை எட்டும்போது, வாரம் முழுவதற்கும் சேர்த்தே ஒன்றேகால் மணி நேரம்தான் மிஞ்சுகிறது. தினமும் பிரயாணம் செய்கிற ஒருவர் திங்கட்கிழமை மாலைக்குள்ளாகவே அதைச் செலவிட்டுவிடக் கூடும். ஹெட்போனைக் கழற்றிய பிறகும் காதில் ரீங்காரம் ஒலித்துக்கொண்டிருக்குமானால், அன்றைய அளவு மிகுதி என்பதற்கு வேறு சாட்சி வேண்டுவதில்லை.

ஆகவே வெளிச்சப்தத்தைத் தடுக்கிற சக்தியே பிரயாணியின் ஹெட்போனுக்குப் பிரதான லட்சணம். அதைச் சாதிக்க இரண்டு மார்க்கங்கள் உண்டு. காதின் துவாரத்தை இறுக அடைத்துவிடுவது ஒன்று. எதிர் ஒலியை எழுப்பி இரைச்சலைத் தணிப்பது மற்றொன்று. முதலாவது எளியது, விலை குறைந்தது. ஆனால் மிகவும் அலட்சியம் செய்யப்படுவதும் அதுவே. காதுக்குள் செருகிக்கொள்கிற இயர்போனை வாங்கும்போது, சிறிதும் பெரிதுமாக இரண்டு மூன்று ஜோடி சிலிக்கோன் முனைகளைச் சேர்த்தே தருகிறார்கள். பெரும்பாலோர் அவற்றைப் பெட்டியிலேயே விட்டுவிட்டு, ஏற்கெனவே மாட்டியிருக்கிறதை அப்படியே உபயோகிக்கிறார்கள். ஒருவருடைய வலது காதின் துவாரமும் இடது காதின் துவாரமும் ஒரே அளவில் இருக்க வேண்டிய நியதி இல்லை. ஆகையால் ஒவ்வொரு காதுக்கும் தனித்தனியே பொருத்திப் பார்ப்பது அவசியம். காது மடலைச் சற்று மேலும் பின்னுமாக இழுத்துக்கொண்டு முனையைச் செருகி, வாய்விட்டு இரண்டு வார்த்தை பேசிப் பாருங்கள். உங்கள் குரலே உள்ளிருந்து முழங்குவதுபோல் உங்களுக்குக் கேட்டால், அடைப்புச் சரியாக இருக்கிறது. சாதாரணமாகக் கேட்டால் காற்று எங்கோ கசிகிறது. அந்தக் கசிவின் வழியே முதலில் வெளியேறுவது இசையின் தாழ்ந்த சுருதிகள், உள்ளே நுழைவது பஸ்ஸின் உறுமல். மிருதுவான நுரையால் ஆன முனைகள் இந்த விஷயத்தில் சிலிக்கோனைவிட மேலானவை. ஆனால் நம் வியர்வையில் சீக்கிரம் கெட்டுப்போகக் கூடியவை.

இரண்டாவது மார்க்கத்துக்குச் சற்றே நீண்ட சரித்திரம் இருக்கிறது. ஓர் ஒலியலைக்கு நேர் எதிரான அலையை எழுப்பினால் இரண்டும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும் என்ற தத்துவத்துக்கு, பால் லூக் என்ற ஜெர்மானியர் 1936ஆம் ஆண்டிலேயே அமெரிக்காவில் காப்புரிமை பெற்றார். ஆனால் அதை நடைமுறைக்குக் கொண்டுவரும் சாதனங்கள் அக்காலத்தில் இல்லை. வங்காளத்தில் விடுதலைப் போராட்டத்தில் ஈடுபட்டு, பின்பு அமெரிக்காவில் குடியேறிய நானி கோபால் போஸ் என்பவரின் புதல்வரும், மாசசூஸெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் பேராசிரியருமான அமர் போஸ், 1978ஆம் ஆண்டில் ஜூரிச்சிலிருந்து விமானத்தில் திரும்பிக்கொண்டிருந்தபோது, விமானத்தில் தரப்பட்ட ஹெட்போனில் சங்கீதம் கேட்க முயன்று, எஞ்சினின் இரைச்சலால் அது கெட்டுப்போகக் கண்டு, அந்தப் பிரயாணத்திலேயே காகிதத்தை எடுத்து அதற்கான கணக்குகளைப் போடத் தொடங்கினார். விமானிகளுக்கான அவருடைய ஹெட்செட் விற்பனைக்கு வர 1989ஆம் ஆண்டாயிற்று. சாதாரணப் பிரயாணிகளுக்கான ஹெட்போன் வர 2000 ஆயிற்று. ஒரு பிரயாணியின் அசௌகரியத்திலிருந்து பிறந்து, இருபது ஆண்டுகளுக்கும் மேலான உழைப்பினால் உருவான இந்த வித்தை இன்று சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கிறது என்பதை எண்ணும்போது, அந்த விஞ்ஞானியிடம் எனக்கு நன்றியே உண்டாகிறது.

எனினும் இதன் எல்லையையும் அறிந்துகொள்ள வேண்டும். ஹெட்போனில் இருக்கிற சின்னஞ்சிறு மைக்குகள் வெளிச்சப்தத்தை வாங்கி, அதற்கு எதிரான அலையைக் கணப்பொழுதில் தயாரிக்கின்றன. ஒரே சீராக நீடிக்கிற தாழ்ந்த இரைச்சலிடம்தான் இது முழு வெற்றி பெறும். திடீரென்று அலறுகிற ஹாரனையும், கண்டக்டரின் விசிலையும், சுண்டல் விற்கிறவரின் குரலையும் இதனால் அவ்வளவாகத் தடுக்க முடியாது. ஆகவே காதை நன்றாக அடைத்து, அதன்மேல் இந்த வித்தையையும் சேர்த்துக்கொண்ட கருவியே உத்தமம். அடைப்பு சரியில்லாமல் இந்த வித்தையை மட்டும் நம்பி வாங்குவது பணவிரயம். குளிர்சாதனப் பெட்டிகள் மூடியபடி ஓடுகிற மெட்ரோ ரயிலில் இது அற்புதமாக வேலை செய்கிறது. மின்சார ரயிலின் வாசலருகிலும் பஸ்ஸின் ஜன்னலோரத்திலுமோ, காற்று நேராக மைக்கின் மீது மோதி, அதுவே புதியதோர் இரைச்சலாகக் காதுக்குள் வந்துவிடுவது உண்டு. அங்கே அதை நிறுத்திவிட்டுக் கேட்பதே நல்லது.

வாங்குகிறவர்கள் ஏமாந்துபோகிற இடம் ஒன்றை இங்கே அழுத்திச் சொல்லியாக வேண்டும். பெட்டியின் மேல் ஏ.என்.சி. என்று அச்சிட்டிருந்தால், கேட்பவரின் காதுக்கு இரைச்சல் குறையும் என்று அர்த்தம். இ.என்.சி. என்று அச்சிட்டிருந்தால், நீங்கள் பேசும்போது மறுமுனையில் இருப்பவருக்கு உங்களைச் சுற்றியுள்ள இரைச்சல் குறைவாகக் கேட்கும் என்று அர்த்தம். உங்கள் காதுக்கு அதனால் யாதொரு பிரயோஜனமும் இல்லை. ஓர் எழுத்தே வித்தியாசம். மலிவு விலைக் கருவிகளில் அந்த ஓர் எழுத்தே பலரை மயக்கிவிடுகிறது. இத்தனை டெசிபல் இரைச்சலை நீக்கும் என்று பெரிய எழுத்தில் போட்டிருக்கிற எண்ணும், பெரும்பாலும் ஏதோ ஒரு சுருதியில் கிட்டுகிற உச்ச அளவைக் குறிப்பதே அன்றி, எல்லாச் சப்தத்துக்கும் பொருந்துவதன்று.

வடிவத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டுவதில்லை. காது முழுவதையும் மூடுகிற பெரிய ஹெட்போன் நிசப்தத்தை நன்றாகத் தரும். ஆனால் மே மாதத்து வெயிலில், குளிர்சாதனம் இல்லாத பஸ்ஸில், கால் மணி நேரத்துக்கு மேல் அதைத் தாங்குவது கஷ்டம். கம்பியே இல்லாத சின்னஞ்சிறு இயர்பட்ஸ் சௌகரியமானவை. ஆனால் கூட்டத்தில் ஒருவர் தோள் இடித்து ஒன்று தண்டவாளத்தில் விழுந்தால் அதோடு போயிற்று. கழுத்தில் கிடக்கிற நெக்பேண்ட் வகை பார்வைக்கு நவீனமாக இல்லாவிட்டாலும், நின்றுகொண்டே பிரயாணம் செய்கிறவருக்கு மிகவும் ஏற்றது என்பேன். ஒயர் உள்ளது எல்லாவற்றிலும் மலிவு, சார்ஜ் செய்ய வேண்டிய தொல்லையும் இல்லை; பக்கத்தில் நிற்பவரின் பையில் ஒயர் சிக்கிக்கொள்வது ஒன்றே அதன் குறை. வாங்குமுன் உங்கள் போனில் அதைச் செருகுவதற்கு உரிய துளை இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். காதைத் திறந்தபடி விட்டுவிட்டு, எலும்பின் வழியாகவோ வெளியிலிருந்தோ ஒலியைச் செலுத்துகிற புது வகைகள், பூங்காவில் நடப்பவர்களுக்கு உகந்தவை. பஸ்ஸில் அவற்றை உபயோகித்தால் ஒலியை உயர்த்திக்கொண்டே போக நேரிடும்.

ஐப்பசி மழையில் நனைந்து ஓடுகிறவர்கள் ஐ.பி.எக்ஸ்.4 என்ற தரக்குறியீடாவது இருக்கிறதா என்று கவனிக்க வேண்டும். எத்திசையிலிருந்து தெறிக்கும் நீரையும் தாங்கும் என்பது அதன் பொருள். பாட்டரி இத்தனை மணி நேரம் வரும் என்று விளம்பரம் செய்கிற கணக்கில், பெரும்பாலும் இயர்பட்ஸை வைக்கிற பெட்டியின் சார்ஜையும் சேர்த்துவிடுகிறார்கள். காதில் இருக்கும்போது ஒரே மூச்சில் ஐந்து மணி நேரம் வந்தால் பிரயாணிக்குப் போதும். வெப்பமும் ஈரமும் மிகுந்த நம் கடற்கரை ஊர்களில் காதில் பூஞ்சை பிடிப்பது அபூர்வமான வியாதி அன்று. தலைக்குக் குளித்து ஈரம் காயாத காதில் அவசர அவசரமாக இயர்போனைச் செருகுவதையும், ஒருவர் உபயோகித்ததை மற்றொருவர் துடைக்காமல் வாங்கிக்கொள்வதையும் விட்டுவிட வேண்டும்.

வாங்கிய பின் ஒரு சோதனை. இரவில் வீடு அடங்கிய வேளையில், உங்களுக்குப் பிடித்த ஒரு பாட்டைத் தெளிவாகக் கேட்கும் அளவுக்கு மட்டும் ஒலியை வைத்து, அந்த அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். மறுநாள் ரயிலில் அதே பாட்டைக் கேட்டு, எவ்வளவு உயர்த்த வேண்டியிருக்கிறது என்று பாருங்கள். ஒன்றிரண்டு படி உயர்த்தினால் போதுமானால், உங்களுக்கு நல்ல கருவி வாய்த்துவிட்டது. பாதிக்குமேல் உயர்த்தித்தான் ஆக வேண்டுமென்றால், அது எத்தனை புகழ்பெற்ற கம்பெனியின் தயாரிப்பாக இருந்தாலும் சரி, உங்கள் பிரயாணத்துக்கு உதவாது; முனையை மாற்றிப் பாருங்கள், அதற்கும் மசியாவிட்டால் கருவியையே மாற்றுங்கள்.

இவ்வளவு பாடுபட்டு வெளி உலகத்தைக் காதுக்கு வெளியே நிறுத்தக் கற்றுக்கொண்டவர், எங்கே அதை உடனே உள்ளே விட வேண்டும் என்பதையும் கற்றுக்கொண்டாக வேண்டும். மின்சார ரயில், பழைய நீராவி எஞ்சினைப்போலத் தொலைவிலிருந்தே முழங்கிக்கொண்டு வருவதில்லை; பிளாட்பாரத்தை நெருங்குகிற வரையில் அது வருவதே தெரியாமல் இருப்பது உண்டு. தண்டவாளத்தில் இறங்கிக் கடப்பது 1989ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 147ஆவது பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறையோ ஆயிரம் ரூபாய் வரை அபராதமோ விதிக்கத்தக்க குற்றம். காதை அடைத்துக்கொண்டு அதைக் கடப்பது, அபராதத்தோடு முடியாமல் உயிரையே வாங்கிவிடக் கூடியது. வெளிச்சப்தத்தை மைக்கின் வழியே உள்ளே அனுப்புகிற வசதி சில கருவிகளில் இருக்கிறது என்றாலும், உயிருக்கு ஆபத்தான இடத்தில் அதை நம்ப வேண்டாம். வண்டியை விட்டு இறங்கியதும் இரண்டு காதிலிருந்தும் அதைக் கழற்றிப் பையில் வைத்துவிட்டு, மேம்பாலத்தின் மீது ஏறி வீட்டுக்குச் செல்லுங்கள்.