ரயில் வருமுன் ஏறும் நில விலை யாருக்கு?

மொரப்பூரிலிருந்து தருமபுரிக்கு 1906-இல் ரயில் விட்டார்கள். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், 1941-இல், அந்தக் குறுகிய பாதை மூடப்பட்டது. அதே இரு ஊர்களுக்கிடையே 36 கி.மீ. அகலப் பாதை போட 2019-இல் அடிக்கல் நாட்டினார்கள். பிறகு நில எடுப்பிலேயே ஆண்டுகள் கரைந்தன. பாதை தாமதமாகலாம், நில விலை காத்திருப்பதில்லை. ஏக்கர் கணக்கில் கைமாறிய மானாவாரி நிலம், ரயில் வரும் என்ற பேச்சு எழுந்ததுமே கல் நட்டு, சதுர அடிக் கணக்கில் மனையாகிவிடும்.

அரசுப் பணத்தால் ஏறும் இந்த மதிப்பில் ஒரு பங்கைப் பாதைக்கே திருப்பும் வழி, சிறப்பு வளர்ச்சி மண்டலம். பாதையை ஒட்டிய பகுதிக்கு எல்லை வரைகிறார்கள். அன்று அங்கே ஆண்டு வரி ஒரு கோடி ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அது வழக்கம்போல உள்ளாட்சிக்கே போகும். பிற்பாடு கட்டடங்கள் பெருகி வரி மூன்று கோடியானால், கூடுதல் இரண்டு கோடி மட்டும் தனிக் கணக்கில் சேர்ந்து, பாதைக்கு வாங்கிய கடனை அடைக்கும். வரி விகிதத்தை உயர்த்த வேண்டியதில்லை.

லண்டனில் பேட்டர்சி வரை சுரங்க ரயிலை நீட்டியது இப்படித்தான். 100 கோடி பவுண்டு வரை கடன். அதை அடைக்க, 2016 முதல் 25 ஆண்டுகளுக்கு அம்மண்டலத்தின் கூடுதல் வணிக வரியும் கட்டுமான நிறுவனங்களின் பங்களிப்பும். 2021 செப்டம்பரில் ரயில் ஓடத் தொடங்கியது. ஆனால் இந்த முறையில் எதிர்பார்த்த வளர்ச்சி வராவிட்டால் கடன் அப்படியே நிற்கும். பள்ளிக்கும் குடிநீருக்கும் போயிருக்க வேண்டிய வரி, மண்டலத்துக்குள்ளேயே முடங்கும் ஆபத்தும் உண்டு.

தமிழ்நாட்டுக்கு இந்த எண்ணம் புதிதல்ல. 2007-இல் நகர் ஊரமைப்புச் சட்டத்தைத் திருத்தி, பெரிய கட்டடங்களிடம் உட்கட்டமைப்பு வசதிக் கட்டணம் வாங்க வழி செய்தார்கள். ஆனால் அந்தப் பணம் மாநில அளவிலான நிதியில் சேர்கிறது. வசூலான ஊருக்கே திரும்பும் என்ற உறுதி இல்லை.

மொரப்பூருக்கு லண்டன் முறை அப்படியே ஒத்துவராது. ஊராட்சியின் வீட்டு வரி சொற்பம். பெரும் பணம் புரள்வது பத்திரப் பதிவில். அந்த முத்திரைத்தாள் வருவாயின் பெரும்பகுதியோ மாநிலக் கருவூலத்துக்குப் போகிறது. ஆகவே பாதையோர ஊர்களில் கூடுதலாகக் கிடைக்கும் பதிவு வருவாயிலும் மனைப்பிரிவுக் கட்டணத்திலும் ஒரு பங்கைத் தனிக் கணக்கில் வைத்து, நிலையச் சாலைக்கும் பேருந்து வசதிக்கும் செலவிடுவதே பொருத்தம். விற்காமல் உழுதுகொண்டிருக்கும் விவசாயியிடம் ஒரு ரூபாயும் கேட்கக் கூடாது. எல்லையை இப்போதே அரசு வரைய வேண்டும். மனைகள் விற்றுத் தீர்ந்தபின் வரைந்தால் வசூலிக்க எதுவும் மிஞ்சாது.