எட்டு பிட்டுக் காலம் – 14: பதின்மூன்றாம் முகவரிக் கம்பி

சென்ற வாரம் பலகையின் கடைசிக் காலுக்கும் ஈயம் வைத்து முடித்தோம். இந்த வாரம் அதற்கு மின்சாரம் கொடுக்கப்போகிறோம். பெரும்பாலும் ஒன்றும் நடக்காது. அல்லது பாதி நடக்கும். ஒன்றுமே நடக்காவிட்டால் தேடுவது சுலபம். பாதி நடக்கும் பலகைதான் ஆளை அலைய வைக்கும். ஆகவே இந்த அத்தியாயம் முழுவதும் கோளாறு தேடுவதைப் பற்றியே.

இடையில் வந்து சேர்ந்த வாசகர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நாம் கையில் எடுத்திருப்பது இங்கிலாந்தைச் சேர்ந்த கிராண்ட் சேர்ல் வடிவமைத்த ‘மல்ரிகொம்ப்’. நடுவில் இருப்பது அல்டெராவின் சைக்குளோன் 2 குடும்பத்து ஈபி2சி5 சிப். 144 கால்கள், உள்ளே 4,608 தர்க்க அலகுகள். அது எந்தக் கணினியாக நடக்க வேண்டும் என்பதை நாமே எழுதி அதற்குள் ஏற்றுகிறோம். இன்று இசட்80 செயலி, நாளை 6502, விரும்பினால் 6809. பக்கத்தில் 128 கிலோபைட் நினைவகச் சிப் ஒன்று, ஓர் எஸ்.டி கார்ட், பழைய கீபோட், பழைய மொனிற்றர். அவ்வளவுதான் முழுக் கணினியும்.

பழைய சிப்பையே வாங்கிப் பூட்டினால் என்ன என்று சிலர் கேட்டிருந்தீர்கள். பூட்டலாம். ஆனால் 1976இல் வெளிவந்த இசட்80ஐத் தனிச் சிப்பாகத் தயாரிப்பதை நிறுத்தப்போவதாக சைலொக் நிறுவனம் 2024 ஏப்ரலில் அறிவித்து, அந்த ஜூன் நடுப்பகுதியோடு கடைசி ஓடர்களையும் முடித்துக்கொண்டது. இப்போது மலிவு விலையில் பொதியில் வந்து சேர்பவற்றில், பழைய பலகைகளிலிருந்து கழற்றி, மேலே இருந்த எழுத்தை அழித்துப் புதிதாக அச்சடித்தவையும் கலந்திருக்கின்றன. கோளாறு தேட உட்காரும்போது சிப்பே சந்தேகத்துக்குரியதாக இருந்தால் எதிலும் கால் ஊன்ற முடியாது. நம் பலகையில் ஓடுவது டானியல் வால்னர் எழுதிய ரி80 என்ற வடிவம். அதைக் குறை சொல்லித் தப்ப முடியாது. பிழை நம் கைவேலையில்தான் இருக்கும். படிக்கிறவர்களுக்கு அது நல்லது.

இசட்80க்கும் எங்கள் மாவட்டத்துக்கும் ஒரு தொடர்பு உண்டு. 1956இல் எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கும் அவருடைய நண்பர் மைக் வில்சனும் திருகோணமலை சுவாமி மலைக்குக் கீழே கடலில் இறங்கி, போர்த்துக்கேயர் இடித்துத் தள்ளிய கோணேசர் கோயிலின் எச்சங்களைக் கண்டார்கள். அந்தக் கோயில் இடிபட்டபோது காப்பாற்றிய திருமேனிகளை வைத்து எழுப்பியதே எங்கள் தம்பலகாமத்து ஆதி கோணநாயகர் கோயில் என்பது ஊர் மரபு. அதே கிளார்க், பின்னாளில் கொழும்பில் இருந்தபடி ‘2010’ நாவலை வோர்ட்ஸ்டார் மென்பொருளில் எழுதி, முழு நாவலையும் ஒரே ஓர் ஐந்தங்குலத் தட்டில் நியூயோர்க்குக்கு அனுப்பினார். நாவல் வெளிவந்தது 1982இல். அது படமாகத் தயாரான 1983–84இல், இயக்குநர் பீட்டர் ஹயம்சுடன் கெய்ப்ரோ 2 கணினியும் மோடமும் வைத்துத் தொலைபேசிக் கம்பி வழியே கடிதம் பரிமாறினார். கெய்ப்ரோ 2 என்பது 2.5 மெகாஹேர்ட்ஸ் இசட்80, 64 கிலோபைட் நினைவகம், சிபி/எம் இயங்குதளம். நம் பலகையில் ஏற்றப்போவதும் அதே சிபி/எம்தான்.

ஆனால் அதே 1983 ஜூலைக் கலவரத்தோடு எங்கள் பக்கத்துப் பிள்ளைகளின் கதை வேறாகிவிட்டது. பிபிசி மைக்ரோ கணினி வந்தது 1981இல், ஸ்பெக்ட்ரம் கணினி 1982இல். அவற்றை ரீ.வியில் பூட்டி இங்கிலாந்துப் பிள்ளைகள் நிரல் எழுதிப் பழகிய ஆண்டுகளில், இங்கே பிள்ளைகள் இடம்பெயர்ந்துகொண்டிருந்தார்கள். எட்டு பிட்டுக் காலம் எங்கள் ஊர்களுக்கு வரவே இல்லை. பாடசாலைக்குக் கணினி வந்தபோது அது நேரே விண்டோசாக வந்தது. எந்தக் கம்பியில் என்ன போகிறது என்று யாரும் தொட்டுப் பார்க்க முடியாத கணினி அது. ஒரு மனிதர் அடிமுதல் நுனிவரை விளங்கிக்கொள்ளக்கூடிய கணினியில் தொடங்கும் வாய்ப்பு ஒரு தலைமுறைக்கே கிடைக்காமல் போயிற்று. இந்தத் தொடரை நான் எழுதுவதற்கு அதுதான் காரணம்.

சரி, கோளாறுக்கு வருவோம். ஊரில் உயர்தரத்தில் தொழில்நுட்பத் துறை படிக்கும் பெடியன் ஒருவர் தான் பூட்டிய பலகையைக் கொண்டுவந்தார்.

“சேர், பேசிக் நல்லா ஓடுது. சிபி/எம் மட்டும் ஏறுதில்ல. கார்ட்தான் பிழை போல. வேற கார்ட் இருந்தா தாங்கோ.”

கழற்றி மாற்றக்கூடிய பொருளின் மேல்தான் எல்லோருக்கும் முதலில் சந்தேகம் விழும். நான் கார்ட் கொடுக்கவில்லை. முதலில் மின்சாரத்தை அளப்போம் என்றேன்.

பலகைக்குள் 5 வோல்ற் போகிறது. அதிலிருந்து 1117 என்ற இரண்டு சிறு சிப்கள் 3.3 வோல்ற்றையும் 1.2 வோல்ற்றையும் எடுத்துக் கொடுக்கின்றன. இந்த 1117க்கு, வெளியே கொடுக்கும் அளவைவிட ஏறக்குறைய 1.2 வோல்ற் கூடுதலாக உள்ளே வர வேண்டும். 3.3க்கு 4.5 தேவை. பலர் பழைய போன் சார்ஜரையும் மெல்லிய கேபிளையும் வைத்துப் பலகையை ஓட்டுகிறார்கள். பக்கத்து வளவில் தண்ணீர் மோட்டர் போட்டால் வெளிச்சம் மங்குகிறதே, அதனால்தான் கோளாறு என்று ஊர் மின்சாரத்தைக் குறை சொல்லவும் செய்கிறார்கள். சார்ஜர் 100 முதல் 240 வோல்ற் வரை சமாளிக்கும். அதில் வில்லங்கம் இல்லை. வில்லங்கம் கேபிளில். மெல்லிய செம்பில் மின்னோட்டம் போகும்போது வழியிலேயே அரை வோல்ற்றுக்கு மேல் தொலைந்துபோகும். ஆகவே சார்ஜர் நுனியில் அளக்காதீர்கள். பலகை ஓடிக்கொண்டிருக்கும்போது, பலகையின் மேலேயே அளவுங்கள். பெடியனின் பலகையில் இரண்டும் சரியாக இருந்தன.

அடுத்தது கடிகாரத் துடிப்பு. பலகையில் 50 மெகாஹேர்ட்ஸ் அலையாக்கி உண்டு. மீற்றரில் அது தெரியாது. ஒசிலஸ்கோப் தேடி அலைய வேண்டாம். அந்தத் துடிப்பை இரண்டின் 25ஆம் அடுக்கால் வகுக்கும் எண்ணி ஒன்றைச் சிப்புக்குள் எழுதி, அதன் விடையை எல்.ஈ.டிக்கு விடுங்கள். நொடிக்கு ஏறக்குறைய ஒன்றரை முறை விளக்கு மின்னினால் அலையாக்கி சரி, சிப் சரி, ஏற்றும் கேபிள் சரி, குவார்ட்டஸ் மென்பொருளும் சரி. நாலைந்து வரி நிரலில் நாலு சந்தேகம் தீர்கிறது. குவார்ட்டஸைப் பற்றி ஒரு குறிப்பு: சைக்குளோன் 2ஐ ஏற்கும் கடைசிப் பதிப்பு 13.0 சேவிஸ் பாக் 1. புதியதைத் தரவிறக்கி டேட்டாவை வீணாக்காதீர்கள்.

இராத்திரி ஓடியது, காலையில் செத்துக் கிடக்கிறது என்ற முறைப்பாடு அடிக்கடி வரும். அது கோளாறே இல்லை. ஜேடேக் சொக்கற் வழியே ஏற்றுவது சிப்பின் தற்காலிக நினைவில் மட்டும் நிற்கும். மின்சாரம் போனால் எல்லாம் போகும். நிலைத்து நிற்க, பக்கத்திலுள்ள ஏ.எஸ் சொக்கற் வழியே ஈ.பி.சி.எஸ்.4 என்ற சிறு சிப்பில் எழுத வேண்டும்.

இன்னொன்று சிப்பையே சுட்டுவிடக்கூடியது. இந்தச் சிறு பலகையில் 26ஆம், 81ஆம் கால்கள் 1.2 வோல்ற்றோடும், 27ஆம், 80ஆம் கால்கள் தரையோடும் ஏற்கனவே இணைந்திருக்கின்றன. இதைவிடப் பெரிய ஈபி2சி8 சிப்பையும் அதே பலகையில் பூட்டலாம் என்பதற்காகச் செய்த ஏற்பாடு அது. அந்த நாலு கால்களையும் எதற்கும் பயன்படுத்த வேண்டாம். பயன்படுத்தாத கால்கள் எல்லாவற்றையும் உள்ளீடாக மட்டும் விடும்படி குவார்ட்டஸில் அமைத்திருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள். தரைக்கு இழுக்கும்படி விட்டிருந்தால் 26ஆம் காலில் 1.2 வோல்ற் நேரே தரைக்குப் பாயும். சிப் தொட முடியாதபடி சுட்டால் உடனே மின்சாரத்தை நிறுத்துங்கள்.

பெடியனின் பலகை இவை எல்லாவற்றையும் தாண்டியது. மிஞ்சியது நினைவகம்.

“நினைவகம் சரி சேர். தொடங்கேக்க பேசிக்கே சொல்லுதே, இவ்வளவு பைட் இருக்கெண்டு.”

நியாயமான வாதம். பேசிக் நிரல்மொழி தொடங்கும்போது நினைவகத்தை ஒவ்வொரு இடமாக எழுதி, வாசித்துப் பார்த்துத்தான் அந்த எண்ணைச் சொல்கிறது. 56 கிலோபைட்டுக்குச் சற்றுக் குறைவாக வரும். ஆனால் அந்தச் சோதனை ஓர் இடத்தில் எழுதி அதே இடத்தில் உடனே வாசிக்கிறது. எழுதியது உண்மையிலேயே அந்த இடத்துக்குத்தான் போனதா என்று அது கேட்பதில்லை.

நினைவகச் சிப்புக்குப் போகும் முகவரிக் கம்பிகளில் ஒன்று விட்டுப்போயிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அப்போது இரண்டு வேறு முகவரிகள் சிப்புக்கு ஒன்றாகத் தெரியும். ஒரே ஒழுங்கையில் இரண்டு வீட்டுக்கு ஒரே இலக்கம் எழுதிவிட்டால் இரண்டு வீட்டுக் கடிதமும் ஒரே வாசலில் விழுவதுபோல. ஒன்றை எழுதி அதையே வாசிக்கும்வரை பிழை வெளியே தெரியாது. இரண்டை எழுதிவிட்டு முதலாவதை வாசித்தால் பிடிபடும். பேசிக்கிலேயே இதைச் செய்யலாம் (போக் எழுதும், பீக் வாசிக்கும்):

போக் 20480, 85
போக் 28672, 170
பிரின்ட் பீக்(20480)

85 வர வேண்டும். பெடியனின் திரையில் 170 வந்தது. இரண்டு முகவரிகளுக்கும் வித்தியாசம் 8192, அதாவது இரண்டின் 13ஆம் அடுக்கு. விட்டுப்போனது ஏ13 என்ற கம்பி. 85ஐயும் 170ஐயும் தெரிந்தெடுத்ததற்கும் காரணம் உண்டு. இரும எண்ணில் ஒன்றுக்கு ஒன்று நேரெதிர் அவை. எட்டு பிட்டும் புரளும்.

பேசிக் ஓடியதும் சிபி/எம் ஏறாததும் இப்போது விளங்குகிறது. பேசிக் தன் வேலைக்கான இடத்தை நினைவகத்தின் அடியில் வைத்துக்கொள்கிறது. சின்ன நிரல் அங்கேயே அடங்கிவிடும். இரண்டு முகவரிகள் மோதிக்கொள்ளும் அளவுக்கு அது வளர்வதில்லை. சிபி/எம்மோ நினைவகத்தின் உச்சியில் பன்னிரண்டு கிலோபைட் அளவுக்குத் தன்னை விரித்துக்கொள்ளும். 13ஆம் கம்பி இல்லாவிட்டால் அதன் பின்பகுதி முன்பகுதியின் மேலேயே எழுதப்பட்டுவிடும். கார்டிலிருந்து சரியாகத்தான் வாசித்தது. வாசித்ததைத் தானே அழித்துக்கொண்டது.

மற்றக் கம்பிகளையும் இப்படியே சோதிக்கலாம். 20480உடன் 1, 2, 4, 8 என்று 2048 வரை ஒவ்வொன்றாகக் கூட்டி இரண்டாவது முகவரியை அமையுங்கள். 12ஆம் கம்பிக்கு 4096ஐக் கழியுங்கள். கீழ்க் கம்பி ஒன்று விட்டிருந்தால் பேசிக்கே எழும்பாது. ஆகவே பேசிக் ஓடும் பலகையில் சந்தேகப்பட வேண்டியவை மேல்கம்பிகள். கடைசி இரண்டு கம்பிகளுக்கு வேறு தொடக்க முகவரி வேண்டும். 32767க்கு மேற்பட்ட முகவரிகளை இந்தப் பேசிக் எதிர்மறை எண்ணாகக் கேட்கும். அதை அடுத்த வாரம் செய்துபார்ப்போம்.

நினைவகச் சிப்பில் ஏ13 என்பது 28ஆம் கால். கண்ணுக்கு ஈயம் பளபளப்பாகத்தான் தெரிந்தது. பூதக்கண்ணாடியில் பார்த்தால் காலைச் சுற்றி மயிரிழை வட்டம். ஈயம் பலகையில் பிடித்திருக்கிறது, காலில் பிடிக்கவில்லை. குச்சியால் மெல்ல அழுத்தியபோது 85 வந்தது, விட்டதும் 170. பிளக்ஸ் கொஞ்சம் தடவி மறுபடி சூடு காட்டியதும் சிபி/எம் ஏறி, திரையில் ‘ஏ>’ என்று வந்து நின்றது. பெடியன் ஒன்றும் பேசவில்லை. கீபோட்டை இழுத்து ‘டிர்’ என்று தட்டிக் கோப்புகளின் பட்டியலைப் பார்த்துக்கொண்டிருந்தார். தான் பூட்டிய கணினியின் எந்தக் கம்பி எங்கே போகிறது என்று தெரிந்த மாணவர் இந்த ஊரில் ஒருவர் இருக்கிறார் என்பது எனக்குப் பெரிய சந்தோஷம்.

வேலை முடிந்தபின் பிளக்ஸை அற்ககோல் திரவத்தால் கழுவிவிடுங்கள். தம்பலகாமக் குடாவிலிருந்து உப்புக் காற்று வரும் ஊர் இது. வடகீழ்ப் பருவ மழையில் ஈரத்தை இழுக்கும் எந்த மிச்சமும் செம்பைப் பச்சையாக அரித்துவிடும்.

கார்ட் உண்மையிலேயே பிழையாக இருப்பதும் உண்டு. 2 கிகாபைட் வரையுள்ள பழைய கார்ட்கள் இடத்தை ஒவ்வொரு பைட்டாக எண்ணும். அதைவிடப் பெரியவை 512 பைட் கொண்ட கட்டங்களாக எண்ணும். கிராண்ட் சேர்லின் மூல வடிவத்துக்கு முதல் வகை மட்டுமே தெரியும். பிறகு நீல் குரூக் இரண்டாம் வகையையும் சேர்த்துத் திருத்தினார். கீபோட்டும் அப்படித்தான்: வட்டச் சொக்கற் உள்ள பழையது வேண்டும். யூ.எஸ்.பி கீபோட்டுக்கு மாற்றி பூட்டினாலும், பழைய முறையும் தெரிந்த கீபோட்டாக இருந்தால்தான் பேசும். இன்றைய புதியவற்றில் பலவற்றுக்கு அது தெரியாது.

ஆகவே ஒரு வேண்டுகோள். வட்டச் சொக்கற் கீபோட், நீல நிற வீ.ஜீ.ஏ கேபிள் உள்ள பழைய மொனிற்றர், பழைய போனுக்குள்ளும் கமராவுக்குள்ளும் கிடக்கும் 2 கிகாபைட்டுக்கு உட்பட்ட கார்ட் இவற்றில் எது உங்கள் வீட்டில் இருந்தாலும் பழைய இரும்புக்காரருக்குப் போட்டுவிடாதீர்கள். பக்கத்துப் பாடசாலையில் தகவல் தொழில்நுட்பம் படிப்பிக்கும் ஆசிரியரிடம் கொண்டுபோய்க் கொடுங்கள்.