ஐந்து ரூபாய் பாக்கெட்டுக்கும் அதே சட்டம்தான்

கொல்லிமலையின் 14 நாடுகளில் ஒன்றான திண்ணனூர் நாட்டில், மிளகுக்கொடி ஏறிய சில்வர் ஓக் மரங்களின் நிழலில் காப்பி விளைகிறது. விளைந்த பழம் மூட்டையாக மலையிறங்கிப் போகிறது. அடுப்படிக்கு வேண்டிய தூளோ 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி, பளபளக்கும் பாக்கெட்டில் வந்து சேர்கிறது. கூடவே சத்துமாவு, நூடுல்ஸ், ஷாம்பு, முகக் கிரீம். பெட்டிக்கடை வாசலில் சரம் சரமாகத் தொங்கும் இவற்றில் பல ஐந்து ரூபாய், பத்து ரூபாய்தான். வாங்கிப் பார்ப்போம், பிடிக்காவிட்டால் விட்டுவிடுவோம் என்பது கூலி வேலை செய்து குடும்பம் நடத்துகிறவர்களுக்கு நியாயமான வழி. பெரிய டப்பாவில் 300 ரூபாயை முடக்குவதைவிட அதுவே புத்திசாலித்தனம்.

வாங்கிய பொருள் கெடுதல் செய்தால் மட்டும், "அஞ்சு ரூபாதானே, போனாப் போகுது" என்று விட்டுவிடுகிறோம். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 அப்படி விடச் சொல்லவில்லை. காசு கொடுத்து வாங்கியவர் நுகர்வோர். எவ்வளவு காசு என்ற கீழ்வரம்பு சட்டத்தில் கிடையாது. வாங்கியவர் சம்மதத்தோடு பயன்படுத்தியவரும் நுகர்வோரே. அப்பா வாங்கி வந்த கிரீமைப் பூசி முகம் வெந்துபோன மகளும் வழக்குப் போடலாம்.

முதலில் காப்பி. சிக்கரி விஷமல்ல, ஒரு செடியின் வேர். காப்பியைவிட மலிவு, காஃபீன் இல்லை, கசப்பும் நிறமும் கூடுதல். கலப்பது சட்டப்படி சரி; ஆனால் காப்பி 51 சதவீதத்துக்குக் குறையக் கூடாது, எது எத்தனை சதவீதம் என்று உறையில் அச்சிட்டிருக்க வேண்டும். படித்துப் பார்த்து வாங்கினால் ஏமாற்றம் இல்லை. சந்தையில் பொட்டலம் கட்டித் தரும் தூளில் படிக்க ஒன்றும் இருக்காது. அதற்கு ஒரு கண்ணாடி டம்ளர் போதும். தண்ணீர் நிரப்பி, மேலே ஒரு சிட்டிகை தூளைத் தூவுங்கள். காப்பித்தூள் மிதக்கும். சிக்கரி சில நொடிகளில் பழுப்பு நிறக் கோடு இழுத்தபடி அடிக்குப் போகும். களிமண் கலந்திருக்குமோ என்ற சந்தேகம் இருந்தால், அரை ஸ்பூன் தூளைக் கலக்கி ஐந்து நிமிடம் அசையாமல் வையுங்கள். மண் அடியில் படியும். உடனடிக் காப்பித் தூளுக்கு இந்தச் சோதனைகள் பொருந்தாது, அது கரைந்துவிடும்.

காலை உணவுப் பொடிகளில் ஏமாற்று வேறு மாதிரி. அட்டையில் பெரிதாகச் சாமைக் கதிரும் கேழ்வரகுக் கதிரும் இருக்கும். பின்பக்கம் திருப்புங்கள். சேர்மானங்களை எடை அதிகமானதில் தொடங்கி வரிசையாக எழுத வேண்டும் என்பது விதி. முதலில் கோதுமை மாவோ சர்க்கரையோ இருந்தால் நீங்கள் வாங்குவது அதைத்தான். படம் போட்டு முன்னிறுத்தும் பொருள் எத்தனை சதவீதம் என்பதையும் சொல்லியாக வேண்டும். 'ஹெல்த் டிரிங்க்' என்ற சொல்லுக்கு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் விளக்கமே இல்லை. அதனால்தான் அந்தத் தலைப்பின் கீழ் இத்தகைய பானங்களை விற்க வேண்டாம் என்று இணைய வணிக நிறுவனங்களுக்கு 2024 ஏப்ரலில் மத்திய அரசு சொன்னது. சாமையும் தினையும் பனிவரகும் தலைமுறை தலைமுறையாக விளைந்து, பிறகு மரவள்ளிக்கு இடம்விட்ட மலை இது. இங்கே பத்துச் சதவீதச் சிறுதானியத்தை முழு விலை கொடுத்து வாங்குவது எனக்கு மனம் பொறுக்கவில்லை.

சாஷேயில் ஒரு சிக்கல் உண்டு. உறை மிகச் சிறியதாக இருந்தால் சேர்மானப் பட்டியலை அதில் அச்சிட விலக்கு இருக்கிறது. ஆனால் அவை மொத்தமாக அடைத்து வரும் வெளி உறையில் அந்த விவரம் இருக்க வேண்டும். "அண்ணா, அந்த அட்டைப் பெட்டியைக் கொஞ்சம் காட்டுங்க" என்று கடைக்காரரிடம் கேட்பதில் தவறில்லை.

காப்பியில் ஏமாந்தால் ருசி போகும், காசு போகும். முகக் கிரீமில் ஏமாந்தால் சிறுநீரகமே போகலாம். 2021 ஜூலை முதல் 2023 செப்டம்பர் வரை, கேரளத்தின் மலப்புறம் மாவட்டம் கோட்டக்கல்லில் ஒரு மருத்துவமனைக்கு ஒரே வகைச் சிறுநீரகப் பாதிப்போடு 22 பேர் வந்தார்கள். அவர்களில் 15 பேருக்கு அரிதான ஒரு துணைவகை இருந்தது. அந்த 15 பேரில் 13 பேர் சிவப்பழகு கிரீம் பூசியவர்கள். குற்றவாளி பாதரசம். தோலுக்கு நிறம் தரும் மெலனின் உருவாவதை அது தடுக்கும். அதனால்தான் சில நாளிலேயே முகம் வெளுக்கிறது. அதே பாதரசம் தோல் வழியே இரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தைத் தாக்குகிறது. பூசியவரோடு நிற்காமல் வீட்டிலுள்ள குழந்தைகளையும் அது எட்டக்கூடும்.

இந்தியாவில் முகப்பூச்சில் பாதரசம் சேர்க்கத் தடை இருக்கிறது. தவறுதலாகக் கலந்தாலும் பத்து லட்சத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்கின்றன 2020ஆம் ஆண்டின் அழகுசாதன விதிகள். உறையில் தயாரிப்பாளர் பெயர், முகவரி, உரிம எண், காலாவதி நாள் இல்லாத கிரீமைத் தொடவே வேண்டாம். வெளிநாட்டுச் சரக்கு என்றால் இறக்குமதிப் பதிவு எண் இருக்க வேண்டும். 'கலோமெல்', 'மெர்குரி' என்ற சொற்களைக் கண்டால் அங்கேயே வைத்துவிடுங்கள்.

இன்னோர் ஆபத்து மருந்துக்கடையிலேயே கிடைக்கிறது. பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால், மொமெட்டசோன் ஆகியவை ஸ்டீராய்டு மருந்துகள், மருத்துவர் சீட்டின்றி விற்கக் கூடாதவை. படைக்கும் அரிப்புக்கும் வாங்கிய களிம்பை முகம் பளிச்சென்று ஆகிறதே என்று தொடர்ந்து பூசினால், தோல் மெலிந்து, பரு பொங்கி, ரோமம் முளைக்கும். நிறுத்தினால் முகம் சிவந்து எரியும். அந்த எரிச்சலுக்குப் பயந்து மறுபடி பூசுவார்கள்.

எந்தப் புதுக் கிரீமானாலும் முதலில் முழங்கையின் உள்மடிப்பில் சிறிது தடவிச் சில நாள் பாருங்கள். அரிப்பு, எரிச்சலைத்தான் இது காட்டும், பாதரசத்தைக் காட்டாது. கால் வீக்கமோ சிறுநீரில் நுரையோ தெரிந்தால் கிரீமையும் எடுத்துக்கொண்டு அரசு மருத்துவமனைக்குப் போய், "இதைப் பூசினேன்" என்று சொல்லுங்கள். சொல்லக் கூச்சப்பட்டால் மருத்துவருக்குக் காரணம் பிடிபடாது. கறுப்பு குறையல்ல, அதைக் குறையென்று சொல்லி விற்பவர்கள்தான் கூச்சப்பட வேண்டும்.

இனி, கெடுதல் நடந்துவிட்டால்? மிச்சத்தைக் குப்பையில் போடாதீர்கள். உறை, மிச்சப் பொருள், பில் மூன்றும்தான் உங்கள் சாட்சி. பில் தராத கடையில் ஜி-பே, போன்-பே வழியாகக் கட்டினால் அந்தப் பதிவும் உதவும். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம். உணவுப் பொருள் என்றால் தமிழ்நாடு உணவுப் பாதுகாப்புத் துறைக்கு 94440 42322 என்ற வாட்ஸ்அப் எண்ணில் படத்தோடு புகார் அனுப்பலாம். முகப்பூச்சு என்றால் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை.

பலருக்குத் தெரியாத உரிமை ஒன்று: வாங்கிய உணவைக் கட்டணம் கட்டி அரசு உணவுப் பகுப்பாய்வாளரிடம் நீங்களே சோதனைக்குக் கொடுக்கலாம். வாங்கும்போதே கடைக்காரரிடம் அதைச் சொல்லிவிட வேண்டும். முடிவில் தப்புத் தெரிந்தால், கட்டிய கட்டணம் திரும்பக் கிடைக்கும். அழகுசாதனப் பொருளைக் கட்டணம் செலுத்திச் சோதிக்க, மருந்துகள் மற்றும் அழகுசாதனச் சட்டத்தின் 26ஆம் பிரிவு வழி தருகிறது.

இழப்பீடு கேட்க நாமக்கல்லில் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. கம்பெனி மும்பையில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். பொருளுக்குக் கொடுத்த விலை ஐந்து லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் மனுக்கட்டணம் இல்லை. இரண்டு ஆண்டுக்குள் மனு கொடுத்துவிட வேண்டும். வக்கீல் கட்டாயமில்லை, நீங்களே வாதாடலாம். மலையிறங்க முடியாவிட்டால் காணொலி விசாரணைக்கு அனுமதி கேட்கலாம். வக்கீல் வேண்டுமென்றால், பழங்குடியினருக்கும் பெண்களுக்கும் வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி தர வேண்டும் என்று 1987ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. கொல்லிமலையில் வாழும் மலையாளிப் பழங்குடிக் குடும்பங்கள் இந்த உதவியைக் கேட்டு வாங்க வேண்டும். அதற்கு அழைக்க வேண்டிய எண் 15100.