எட்டுப் போட்டவனுக்கு வண்டி எங்கே?



மோட்டார் சைக்கிள் ஓட்டும் நண்பர் ஒருவரை நிறுத்திக் கேளுங்கள்: "லைசென்ஸுக்கு எட்டுப் போட்டீரே, எத்தனை மார்க்கு?" சிரிப்பார்! எட்டுப் போட்டால் லைசென்ஸ். காலை ஊன்றினால் வீட்டுக்கு. இடையிலே மார்க்கு ஏது?

இந்த எளிய நியாயம், செல்வம் செழிக்கும் அமெரிக்க நாட்டிலே, வெளிநாட்டில் படித்துவிட்டு வரும் டாக்டருக்குக் கிடைக்கவில்லை.

தன் நாட்டிலே பத்தாண்டு வைத்தியம் பார்த்தவராக இருக்கட்டும். ஆயிரம் பிரசவம் பார்த்த கையாக இருக்கட்டும். அங்கே போனால் மறுபடியும் மாணவர்! மருத்துவ லைசென்ஸ் தேர்வு மூன்று கட்டம். முதலிரண்டில் தேறி, 1956 முதல் இதற்கென்றே இயங்கும் ஆணையத்திடம் சான்றிதழ் பெற வேண்டும். பிறகு ஆஸ்பத்திரி ஒன்றில் ரெசிடென்சி என்னும் மேற்பயிற்சிக்கு இடம் பிடிக்க வேண்டும். அந்தப் பயிற்சி இல்லையேல், பெரும்பாலான மாநிலங்களில் லைசென்ஸ் இல்லை.

தேறியாகிவிட்டதே, இடம் கிடைக்காதா என்கிறீர்களா? அங்கேதான் சூழ்ச்சுமம்!

இரண்டாம் கட்டத் தேர்வுக்குத் தேர்ச்சி எண் 2022 ஜூலை முதல் 214. 2025 ஜூலை முதல் 218. அதைத் தொட்டவர் தேறியவர் என்று தேர்வு நடத்துவோரே முத்திரை குத்துகிறார்கள். ஆனால் ஆயிரக்கணக்கில் மனு குவியும் ஆஸ்பத்திரிகள் பல, "இந்த எண்ணுக்குக் கீழே இருப்பவரைக் கழித்துக்கட்டு" என்று கணிப்பொறிக்குக் கட்டளையிடுகின்றன. மனிதர் ஒருவர் கண்ணெடுத்துப் பார்க்குமுன்பே மனு குப்பைக்கு!

இன்னொரு விந்தை கேளுங்கள். தேர்விலே தோற்றவர் மறுபடி எழுதலாம். ஒரு கட்டத்திற்கு மொத்தம் நான்கு முறை. குறைந்த எண்ணில் தேறியவரோ, எண்ணை உயர்த்திக்கொள்ள மறுபடி எழுத முடியாது. தோற்றவனுக்கு மறுவாய்ப்பு, வென்றவனுக்கு வாழ்நாள் வடு! காய்ச்சலோடு தேர்வறைக்குப் போன ஒரு நாள், பத்தாண்டு உழைப்பை விழுங்கிவிடுகிறது.

ஒவ்வோர் ஆண்டும் மார்ச்சு மாதம் இடம் ஒதுக்கும் நாள் வருகிறது. 2025 இல், அந்நாட்டு மருத்துவக் கல்லூரியில் இறுதியாண்டு படித்தவர்களில் நூற்றுக்கு 93 பேருக்கு மேல் இடம் பெற்றனர். வெளிநாட்டிலே படித்த வெளிநாட்டவரில் நூற்றுக்கு 58 பேர். மீதி 42 பேர்? அடுத்த மார்ச்சு வரை காத்திருப்பு, கடன், ஊருக்கு என்ன எழுதுவது என்ற கலக்கம். அவர்களில் நம் ஊர்ப் பிள்ளைகளும் உண்டு. அவர்கள் அங்கே போகலாமா என்பது தனி வழக்கு. போனவருக்கு நியாயம் உண்டா என்பதே இன்றைய வழக்கு.

"மார்க்கு குறைந்தவரிடம் உன் தாயை ஒப்படைப்பாயா?" என்று கேட்பார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். மார்க்குக்கு மதிப்பே இல்லை என்று நாம் வாதாடவில்லை. உயர்ந்த எண் பெற்றவரிடம் நோயாளிகள் இறப்பது சற்றே குறைவு என்று காட்டிய ஆய்வும் உண்டு. ஆனால் 214 ஆபத்தென்றால் 218 ஆக்கு, ஆக்கினார்களே! 218 ஆபத்தென்றால் இன்னும் உயர்த்து. தேறியவர் என்று ஒரு கையால் சான்றிதழ் கொடுத்து, தேறாதவர்போல் மறுகையால் தள்ளாதே!

2017 இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் ஒரு கணக்கை வெளியிட்டது. அமெரிக்க ஆஸ்பத்திரிகளில் சேர்ந்த முதியவர்களில், வெளிநாட்டில் படித்த டாக்டர் பார்த்தவர்களில் ஒரு மாதத்திற்குள் இறந்தவர் நூற்றுக்கு 11.2, உள்நாட்டில் படித்தவர் பார்த்தவர்களில் 11.6. "அவர்கள் சல்லடையில் தங்கியவர்களாயிற்றே" என்பீர்கள். ஆம், பயிற்சியும் பெற்றவர்கள். அந்தப் பயிற்சிக்குத்தானே இவர்களும் வாசலில் நிற்கிறார்கள்!

டாக்டர்கள் மிகுந்துவிட்டார்களா அங்கே? இல்லை! 2036க்குள் 86,000 பேர் வரை பற்றாக்குறை வரலாம் என்று மருத்துவக் கல்லூரிகளின் சங்கமே 2024 இல் மதிப்பிட்டது. அந்நாட்டு டாக்டர்களில் ஏறத்தாழ நால்வரில் ஒருவர் இன்றும் வெளிநாட்டில் படித்தவர். டாக்டர் கிடைக்காத சிற்றூரில் மூன்றாண்டு வேலை செய்தால் அந்நாட்டிலேயே தங்கலாம் என்று 1994 முதல் ஒரு திட்டமே நடக்கிறது. நோயாளி காத்திருக்கிறார், டாக்டரும் காத்திருக்கிறார், நடுவே நிற்கிறது பூட்டிய கதவு!

பூட்டியது யார்? பயிற்சி இடங்களுக்கு அரசு தரும் பணத்துக்கு 1997 இல் சட்டம் உச்சவரம்பு கட்டியது. 2020 டிசம்பரில் 1,000 இடங்களைக் கூட்டினார்கள். யானைப் பசிக்குச் சோளப்பொரி! இடம் சுருங்கினால் சல்லடைக் கண்ணும் சுருங்கும். 2022 ஜனவரியில் முதற்கட்டத் தேர்வின் எண்ணை ஒழித்து, தேர்ச்சி அல்லது தோல்வி என்று மட்டும் ஆக்கினார்கள். சல்லடை உடைந்ததா? இரண்டாம் கட்டத்துக்கு இடம் மாறியது, அவ்வளவே!

வழி இல்லாமல் இல்லை. வெளிநாட்டில் லைசென்ஸ் பெற்ற டாக்டர், தேர்வில் தேறியபின், மேற்பார்வையிலே வேலை செய்து தன் கைத்திறனைக் காட்டட்டும் என்று டென்னசி மாநிலம் 2023 இல் சட்டம் செய்தது. வேறு சில மாநிலங்களும் அவ்வழி நடக்கின்றன. தொழிலாளத் தோழனே, உனக்குத் தெரியாததா இது? பட்டறையிலே புதிதாய் வந்தவனை மேஸ்திரி மார்க்கு கேட்டா எடைபோடுகிறார்? அரத்தைக் கையில் கொடுத்து அல்லவா பார்க்கிறார்!

"தகுதி" என்ற சொல் நமக்குப் புதிதல்ல. கதவைச் சிறிதாக்கிவிட்டு, வெளியே நிற்பவனைத் தகுதியற்றவன் என்பது பழைய தந்திரம். தகுதிக்குத் தேர்வு வை. தேறியவனுக்குக் கதவைத் திற. எட்டுப் போட்டவனிடம் வண்டியைக் கொடுத்துப் பார்!