பின் பிரேக் சரியாகப் பிடிக்கவில்லையா? கேபிளை இறுக்கும் முன் காலிப்பரைப் பாருங்கள்

மாஸ்டா எம்எக்ஸ்-5 என்ற இரண்டு இருக்கை திறந்த கார் 1989-இல் அறிமுகமானது. அதன் முதல் தலைமுறை வண்டிகள் பல இன்றும் பிரிட்டன் சாலைகளில் ஓடுகின்றன. அங்கே குளிர்காலத்தில் பனி உறையாமலிருக்கச் சாலையில் உப்பு தூவுவார்கள். அந்த உப்பும் ஈரமும் முதலில் பதம் பார்க்கும் பாகங்களில் ஒன்று பின் பிரேக் காலிப்பர்.

பிரேக்கை மிதித்ததும் வண்டியின் பாரம் முன்பக்கம் சாய்கிறது. நிறுத்தும் வேலையில் பெரும்பங்கை முன் சக்கரங்களே செய்கின்றன. அதனால் பின் பிரேக் பாதி செயலிழந்தாலும் அன்றாட ஓட்டத்தில் தெரியாது. மேட்டில் நிறுத்திய வண்டி நழுவும்போதுதான் தெரியும். உடனே பலரும் ஹேண்ட்பிரேக் கேபிளை இறுக்கிவிடுகிறார்கள். இது கோளாறை மறைக்குமே தவிர தீர்க்காது.

இந்தக் காரின் பின் காலிப்பரில் ஒரே பிஸ்டன்தான். பெடலை மிதித்தால் பிரேக் ஆயில் அதைத் தள்ளும். ஹேண்ட்பிரேக்கை இழுத்தால் கேபிள் ஒரு சிறு லீவரைத் திருப்பி அதே பிஸ்டனைப் பின்னாலிருந்து தள்ளும். பேட் தேயத் தேய இடைவெளியைக் குறைக்க உள்ளே ஒரு திருகு அமைப்பு உண்டு. அது இறுகிப்போனால் பேடுக்கும் டிஸ்க்குக்கும் நடுவே இடைவெளி கூடிவிடும். அந்த நிலையில் கேபிளை இறுக்கினால் லீவர் தன் இடத்துக்குத் திரும்பாது. பேட் இடைவெளியும் சரியாகாது.

கோளாறைக் கண்டுபிடிப்பது

டிஸ்க்கைப் பாருங்கள். பேட் உரசும் பரப்பு பளபளவென்று இருக்க வேண்டும். துரு வளையம் தெரிந்தால் அந்தப் பக்கம் சரியாகப் பிடிக்கவில்லை.

பேடுகளை ஒப்பிடுங்கள். உட்பக்க பேட் தேய்ந்து வெளிப்பக்கத்தது புதிதுபோல் இருந்தால், காலிப்பர் நகரும் ஸ்லைடு பின் இறுகியிருக்கிறது. இரண்டுமே தேயாமல் டிஸ்க்கும் துருப்பிடித்திருந்தால் பிஸ்டனைச் சந்தேகியுங்கள்.

பெடலையும் கவனியுங்கள். பஞ்சுபோல் அமுங்கினால் குழாயில் காற்று இருக்கலாம். அழுத்திப் பிடிக்கும்போது மெல்லக் கீழிறங்கினால் ஆயில் கசிவோ மாஸ்டர் சிலிண்டர் கோளாறோ இருக்கலாம். இவற்றைச் சரிசெய்யாமல் வண்டியை ஓட்டக் கூடாது.

சரிசெய்வது

முன் சக்கரங்களுக்குக் கட்டை கொடுங்கள். வேலையின்போது ஹேண்ட்பிரேக் விடுபட்டிருக்கும். வண்டியின் பின்பக்கத்தைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்துங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி வேலை செய்யாதீர்கள்.

ஸ்லைடு பின்களைக் கழற்றித் துரு நீக்கி, ரப்பரைக் கெடுக்காத சிலிகான் கிரீஸ் தடவுங்கள். சாதாரண கிரீஸ் ரப்பரை உப்ப வைத்து மறுபடி இறுக்கிவிடும்.

அடுத்து, கேபிளைத் தளர்த்துங்கள். காலிப்பரின் பின்புறம் 14 மி.மீ. போல்ட் ஒன்று மூடியாக இருக்கும். அதைக் கழற்றினால் 4 மி.மீ. ஆலன் கீ நுழையும் திருகு தெரியும். அதை வலஞ்சுழியாகத் திருப்பினால் பிஸ்டன் வெளியே வரும். சக்கரம் சுற்றாமல் நிற்கும்வரை திருப்பி, பிறகு மூன்றில் ஒரு பங்கு சுற்றுப் பின்னால் விடுங்கள். சக்கரம் தடையின்றிச் சுழல வேண்டும். புது பேட் போடும்போது பிஸ்டனை உள்ளே கொண்டுபோகவும் இதே திருகுதான், இடஞ்சுழியாக. கிளாம்ப் வைத்து நசுக்கினால் உள் அமைப்பு கெடும்.

திருகியும் பிஸ்டன் நகராவிட்டால், அல்லது பிஸ்டனில் துருக்குழிகள் தெரிந்தால் காலிப்பரை மாற்றுங்கள். பாகம் வாங்கும்போது இன்ஜின் 1.6-ஆ 1.8-ஆ என்று சொல்லுங்கள். இரண்டுக்கும் டிஸ்க் அளவு வேறு.

பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சும். ஈரமேறிய ஆயில் சீக்கிரம் கொதிக்கும், உள்ளே துருவையும் வளர்க்கும். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றிவிடுங்கள்.

இவ்வளவும் முடிந்த பிறகே, ஹேண்ட்பிரேக் 5 முதல் 7 ‘கிளிக்’குக்குள் பிடிக்கும்படி கேபிளைச் சரிசெய்யுங்கள்.

பின் பிரேக் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் வால்வைத் தொடாதீர்கள். பின் சக்கரங்கள் முந்திக்கொண்டு பூட்டினால் வண்டி சுழன்றுவிடும்.

ஓட்டும் முன் பெடல் கெட்டியாகும்வரை பலமுறை மிதியுங்கள். முதலில் வெறிச்சாலையில் குறைந்த வேகத்தில் சோதியுங்கள். பிறகு ஒவ்வொரு சக்கரத்தின் பிரேக் விசையையும் அளக்கும் உருளைச் சோதனைக்குக் கொண்டுபோங்கள். பிரிட்டனின் ஆண்டுச் சோதனையில் ஒரே அச்சின் இரு சக்கரங்களுக்கிடையே பிரேக் வேறுபாடு 30 சதவீதத்தைத் தாண்டினால் வண்டி தேறாது. உங்கள் வேலை இரு பக்கமும் ஒரே சீராக அமைந்ததா என்பதை உருளைச் சோதனையில் கிடைக்கும் வேறுபாடு சொல்லிவிடும்.